நான்கு கிலோ

செப்டம்பர் 5

அன்புள்ள பூசணிக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். மூன்று நாளாக அழைக்கிறேன், மணி அடிக்காமலே அறுந்துபோகிறது. சரி, தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதே என்று உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. நான் சொல்லி முடிப்பதற்குள் நீ "வெச்சிடறேன்" என்று வைத்துவிட முடியாது.

நீ சொன்னதை நான் ஒழுங்காகக் கேட்டேனா என்று முதலில் பார்த்துவிடலாம். உங்கள் கல்லூரிப் பாய்ப்படகு அணியில் வெள்ளிக்கிழமை தோறும் பயிற்சி முடிந்து கரையேறியதும் கோச் எல்லாரையும் எடை மெஷினில் ஏற்றுகிறார். படகுக் கொட்டகைக் கரும்பலகையில் பெயருக்கு நேரே எடையை எழுதுகிறார். ஒரு படகில் இரண்டு பேர். உன் படகில் பின்னால் சுக்கான் பிடிப்பவள், நீங்கள் ஊசி என்று கூப்பிடும் உன் தோழி, முன்னால் முன்பாயைப் பார்த்துக்கொள்பவள் நீ. இருவரையும் கூட்டிப் பார்த்து நான்கு கிலோ அதிகம் என்றார். அந்த நான்கும் உன்னுடையது என்றார். இருபதாம் தேதி சனிக்கிழமையும் மறுநாளும் போட்டி. அதற்கு முந்தின வெள்ளிக்குள் குறைந்தால் படகு, குறையாவிட்டால் கரை. அதற்கு நீ என்ன செய்தாய்? ஈரத் துணியை எடுத்து எல்லாருடைய எண்களையும் அழித்துவிட்டு நடையைக் கட்டினாய்.

இதைக் கேட்டு நான் "நாலு கிலோதானே, கொறச்சிட்டுப் போயேன்" என்றேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

கொஞ்சம் நினைத்துப் பார். நீ படகில் ஏறுவேன் என்று சொன்னபோது அம்மா, "படிக்கப் போன பிள்ளைக்குத் தண்ணியில என்ன வேல?" என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தந்தது யார்? போன வருடம் முழுக்க நீ படகு கழுவினாய், பாய் மடித்தாய், கயிறு சுருட்டினாய், ஒரு போட்டியில்கூட ஏற்றவில்லை. இதுதான் உன் முதல் போட்டி. ஒரு வருட உழைப்பை வீம்புக்காகத் தண்ணீரில் போடுவாயா?

இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விடு. ஒன்றும் ஆகாது. போட்டி முடிந்ததும் வேண்டியதைச் சாப்பிடு.

உன் நல்லதுக்குச் சொல்லும்,
அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

முதலில் ஒரு விஷயம். இனி என்னைப் பூசணி என்று கூப்பிடாதே. நீ கொஞ்சலாகத்தான் சொல்கிறாய், தெரியும். இங்கே கோச் என்னை மூட்டை என்கிறார். அவரும் கொஞ்சல் என்றுதான் சொல்கிறார்.

உன்னிடம் போனில் சொன்னது பாதிக் கதைதான், மீதியைச் சொல்வதற்குள் நீ அறிவுரை ஆரம்பித்துவிட்டாய். அன்று பயிற்சியில் நல்ல காற்று. கரைக்கு வந்ததும் வழக்கம்போல முன்னால் உட்காருகிறவர்கள்தான் முதலில் வரிசையில் நின்றோம். அலையெல்லாம் என் மேல்தானே அடிக்கும், உச்சந்தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்பார் அவர். ஏறினேன். எண்ணைச் சத்தமாகப் படித்தார். பிறகு ஊசியைப் பார்த்து, "இந்த மூட்டைய ஏத்திக்கிட்டுப் படகு எப்படிம்மா பறக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஊசியும் சிரித்தாள். அது போகட்டும். எனக்கும் சிரிப்பு வந்தது, அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் துணியை எடுத்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியாது. காற்று பாயில் அடித்தால் படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் வேகம் போகும், இன்னும் சாய்ந்தால் கவிழும். அப்போது நான் படகின் நடுவில் உள்ள பட்டையில் கால்களைச் செருகிக்கொண்டு விளிம்புக்கு வெளியே மல்லாந்து தொங்க வேண்டும். முதுகு தண்ணீரைத் தொடும். என் உடம்பு அந்தப் பக்கம் இழுப்பதால்தான் படகு நேராக நிற்கிறது. அந்த நேரத்தில் யாரும் மூட்டை என்று கூப்பிடுவதில்லை. "இன்னும் வெளிய, இன்னும் வெளிய" என்று கத்துவார்கள். என் தொடையும் இடுப்பும் இந்த ஒரு வருடத்தில் அந்த வேலைக்காக வளர்ந்தவை. அவற்றைப் பட்டினி போடச் சொல்கிறாய்.

இரண்டு வாரத்தில் நான்கு கிலோ குறைக்க முடியுமா என்றால் முடியும். செய்ய மாட்டேன். எனக்கு அந்தப் படகு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று உனக்குத் தெரியும். இருந்தும் சொல்கிறேன், செய்ய மாட்டேன்.

எண்ணை இப்போதைக்குத் திறக்கப் போவதில்லை. போனில் நீ என்னை அழ வைத்துவிடுவாய். இப்படியே எழுது.

தங்கை


செப்டம்பர் 10

அன்புள்ள தங்கைக்கு,

(பழைய பெயரை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பார். பழக்கம் ஒரே நாளில் போகாது.)

உன் கடிதத்தைக் கேபினில் வைத்துப் படித்தேன். வெளியே மணல் லாரிகள் வரிசையாக நின்றன. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நான் ஐந்து வருடமாக லாரி எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள், என்னிடமே வந்து நீ இப்படி எழுதியிருக்கிறாயே!

சொட்டச் சொட்ட ஏறினேன் என்கிறாய். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை என்கிறாய்.

இங்கே ஒரு லாரி மேடையில் ஏறினால் நான் முதலில் என்ன பார்ப்பேன் தெரியுமா? மணல் ஈரமா, காய்ந்ததா என்று. மழை பெய்த மறுநாள் அதே லாரி, அதே அளவு மணல், எடை எகிறும். வாங்குகிறவன் தண்ணீருக்கா விலை கொடுப்பான்? டிரைவர் இறங்கினாரா, உதவியாளர் பின்னால் ஒளிந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் எடைச் சீட்டு அடிப்பேன். உங்கள் கோச்சை ஒரு நாள் என் கேபினில் உட்கார வைத்தால் மாலைக்குள் முதலாளி துரத்திவிடுவார்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் சோதித்துப் பார்த்தேன். நீ போடுகிற மாதிரி தடித்த கால்சட்டை, முழுக்கைச் சட்டை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நீச்சல் ஜாக்கெட், என் பழைய துணி ஷூ எல்லாவற்றையும் காய்ந்தபடி எடை பார்த்தேன். பிறகு வாளியில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து மறுபடி பார்த்தேன். வித்தியாசம் நான்கு கிலோவுக்கு மேல்! ஊசி பின்னால் உட்காருவதால் அவ்வளவு நனைவதில்லை. கடைசியாக வரிசையில் நிற்பதால் அதற்குள் பாதி காய்ந்தும் விடுகிறாள்.

அடியே, அந்த நான்கு கிலோவும் தண்ணீர்! நீ ஒரு பிடி சோறுகூடக் குறைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை குளித்து, உடை மாற்றி, தலை துவட்டிவிட்டு ஏறு. எண் விழும். "என்ன சார், பறக்குமா?" என்று கேட்டுவிட்டு இறங்கு. அவர் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுது.

வெற்றி நமதே,
அக்கா


செப்டம்பர் 13

அன்புள்ள அக்கா,

வாளியில் கால்சட்டையை நீ முக்கி எடுப்பதை நினைத்து வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். எனக்குப் பதில் கிடைக்காத கணக்கை இரண்டே நாளில் போட்டுவிட்டாய். நீ சொன்னதுதான் சரி. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆனாலும் நான் ஏற மாட்டேன்.

திட்டாதே, முழுதாகப் படி. நான் காய்ந்த உடம்போடு ஏறி, எண் குறைந்து, அவர் "சரி, போ" என்று படகைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள். அப்போது என்ன ஆகும்? தப்பு ஈரத்தில்தான், மெஷினில் இல்லை என்று ஆகிவிடும். மெஷின் நல்லது, பலகை நல்லது, சத்தமாகப் படிப்பது நல்லது. அடுத்த வாரம் வேறொருத்தியைக் காயவைத்து ஏற்றுவார். எங்கள் அணியில் ஒரு முதலாமாண்டுக்காரி இருக்கிறாள், குச்சி மாதிரி. எனக்குப் பதிலாக அவளைத்தான் யோசித்து வைத்திருக்கிறார். வியாழக்கிழமைகளில் அவள் மதியம் ஒன்றும் சாப்பிடுவதில்லை. தட்டை என் பக்கம் தள்ளி, "பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்பாள். பசிக்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அக்கா.

எங்கே பார்த்தேன் என்று உனக்கும் தெரியும்.

உன்னிடம் எடை மெஷின் எதற்கு? தனியாக ஒரே அறையில் இருக்கிறாய், இருப்பதே ஒரு கட்டில், ஒரு அடுப்பு என்பாய். அதில் மெஷின் எங்கிருந்து வந்தது?

எனக்குப் பதினொரு வயது. நீ ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தாய். ஐந்து கிலோ குறைத்துவிட்டு வா என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் நாம் இருவர்தான். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டினேன், கத்தினேன். நல்லவேளை, தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. நீ தரையில் கிடந்தாய். உன்னைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையில் தண்ணீர் எடுத்து முகத்தில் அடித்தேன். கண் திறந்ததும் நீ சொன்னது ஒன்றுதான். "அம்மாகிட்ட சொல்லாதடி." சொல்லவில்லை. எட்டு வருடமாகச் சொல்லவில்லை. அந்த வேலை கிடைத்தது, கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, மூன்று மாதத்தில் விட்டுவிட்டு வந்தாய். அதையும் யாரும் பேசவில்லை.

அப்படிப்பட்ட நீ "ராத்திரிச் சாப்பாட்டை விடு, ஒன்றும் ஆகாது" என்று எழுதினாய்.

அன்று உன்னைத் தூக்க எனக்குப் பலம் இல்லை. இப்போது இருக்கிறது. அதில் நான்கு கிலோ என்ன, நான்கு கிராம்கூட யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

தங்கை


செப்டம்பர் 16

அந்தக் கதவைப் பற்றி எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது?

உனக்காக வாளியும் கையுமாக நின்றேன். பிழைக்க வழி சொன்னேன். அதற்கு இதுதான் பதிலா? படகு வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போ. என்னை எதற்கு இழுக்கிறாய்? நான் மெஷின் வைத்துக்கொள்வேன், மேடையே வைத்துக்கொள்வேன். அது என் வீடு.

இனி எழுத வேண்டாம்.


செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். தபால்காரரை உன்னாலும் தடுக்க முடியாது.

நீ படிக்காமல் வைத்துவிட்டாலும் பரவாயில்லை. நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு அது நடந்த மாதிரியே இல்லை.

பத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றேன், ஏறவில்லை. "ஏறும்மா." "மாட்டேன் சார்." "குறையலன்னு பயமா?" "பாக்க வேணாம்னு சொல்றேன் சார்." அவர் தோளைக் குலுக்கிவிட்டு என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். அன்று எனக்குப் பின்னாலேயே ஊசி நின்றாள். அவள் என்னைப் பார்க்காமல் ஏறி, பார்க்காமல் இறங்கினாள். முதலாமாண்டுக்காரி ஏறினாள். அவள் எண்ணைப் படித்து, "இதான் எனக்கு வேணும்" என்றார்.

மாற்று ஆள் என்று ஒருவர் பெயரைப் பட்டியலில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது போட்டி விதி. அந்த இடத்தில் ஊசி என் பெயரை எழுதியிருந்தாள். அதனால் வேனில் பாய்மூட்டைகளுக்கு நடுவில் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது.

சனிக்கிழமை காற்றே இல்லை. எட்டுக் கல்லூரி, ஏரி முழுக்க வெள்ளைப் பாய்கள், ஒன்றும் அசையவில்லை. அந்த மாதிரி நாளில் இலேசான உடம்பு பெரிய வரம். முதலாமாண்டுக்காரி படகுக்குள் இப்படி நகர்வாள், அப்படி நகர்வாள், படகுக்கே தெரியாது. இரண்டு பந்தயத்தில் மூன்றாவது, ஒன்றில் இரண்டாவது. அழகாக ஓட்டினார்கள். பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது, இருந்தாலும் கைதட்டினேன். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று முழுக்க நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது. நீ சொன்ன மாதிரி குளித்துவிட்டு ஏறியிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று நூறு தடவை நினைத்தேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கொடிக்கம்பத்தில் கயிறுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எட்டு மணிக்கு ஏரியெல்லாம் வெள்ளை நுரை. முதல் பந்தயத்திலேயே எங்கள் படகு கவிழ்ந்தது. இரண்டு பேரும் அதன் மேல் தொங்கி நிமிர்த்தினார்கள், நூறடி போவதற்குள் மறுபடி கவிழ்ந்தது. நிமிர்த்த எடை போதவில்லை. மோட்டார் படகு போய்க் கரைக்கு இழுத்து வந்தது. முதலாமாண்டுக்காரிக்கு உதடு நீலம் பூத்திருந்தது, பல் கிட்டித்துக்கொண்டது. போர்வையைச் சுற்றி உட்கார வைத்தேன். "என்னால முடியலக்கா" என்று அழுதாள். "உன்னால நேத்து முடிஞ்சுதே, அது போதும்" என்றேன்.

கோச் ஓடிவந்தார். "மூட்டை, கெளம்பு! ஏழு நிமிஷத்துல அடுத்தது."

நான் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல சார்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும். ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. பலகையில் எழுதுகிற பெயர் அவர் வாயிலும் வரும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மெஷின்?" என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

இப்போதே சொல்லுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் துறையில் ஊசி துள்ளும் படகைத் தனியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். நான் இறங்கிவந்துவிட்டேன் என்று நீ நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படகு ஒன்றும் அவருடையது இல்லை.

என்ன காற்று, அக்கா! பட்டையில் காலைச் செருகி வெளியே சாய்ந்தேன், படகு விலுக்கென்று நிமிர்ந்து பாய்ந்தது. முகத்தில் தண்ணீர் அறைகிறது, தொடை பற்றி எரிகிறது, பின்னால் ஊசி "வெளிய! வெளிய!" என்று அலறுகிறாள். சுற்றிலும் படகுகள் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்க, நாங்கள் நட்டுவைத்த மாதிரி நேராகப் போகிறோம். என் உடம்பில் ஒரு துளிகூட அன்று வீணாகவில்லை. முதலில் நான்காவது வந்தோம், அடுத்ததில் இரண்டாவது. கடைசிப் பந்தயத்துக்குக் காத்திருந்தபோது ஊசி கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நானும் சிரிச்சேன்ல?" என்றாள். "ஆமா." "தப்புடி." "தெரியும். முன்னாடி பாரு, காத்து வருது." அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்தோம். மொத்தப் புள்ளியில் எங்கள் கல்லூரி நான்காவது இடம்தான், கோப்பை மூன்றாவது இடத்தோடு நின்றுவிட்டது. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இனிமேல்தான் விஷயம். படகை மேலே ஏற்றியதும் கோச் சிரித்துக்கொண்டே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். "இந்த வெயிட்ட அப்படியே வெச்சுக்கோம்மா. ஒரு கிலோ கொறஞ்சாலும் சும்மா விடமாட்டேன். வெள்ளிக்கிழம மெஷின்ல பாக்கறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். போன மாதம் கூடுதல் என்றவர் இப்போது குறையக்கூடாது என்கிறார். அதே மெஷின், அதே பலகை.

"ஏற மாட்டேன் சார்."

அவர் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு முகம் மாறியது. "உன்னப் பாராட்டத்தானே கூப்பிடறேன்?"

"பாராட்டறதுக்கும் வேணாம் சார்."

வெள்ளிக்கிழமை ஏறவில்லை என்றால் இந்த வருடம் முழுக்க அணியில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போதுதான் அக்கா எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. அந்தப் படகு எப்படிப் போகும் என்று தெரியாதவரை விடுவது சுலபமாக இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

தங்கை


செப்டம்பர் 24

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தபோது மேடையில் ஒரு ஜல்லி லாரி நின்றுகொண்டிருந்தது. படித்து முடிக்கும்வரை சீட்டு அடிக்கவில்லை. டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை நீட்டியதும், "வீட்ல ஏதாச்சும் விசேஷமாம்மா?" என்றார். "தங்கச்சி ஜெயிச்சிட்டா" என்றேன். நான்காவது இடம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கோபத்தில் நான் எழுதியதை மறந்துவிடு.

அந்த மெஷின் கட்டிலுக்கடியில் எட்டு வருடமாக இருக்கிறது. ஓட்டல் வேலையை விட்ட பிறகும் அதை விடவில்லை. தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஏறுவேன். எண் குறைந்திருந்தால் அன்று நல்ல நாள். ஏறியிருந்தால் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. குறைந்திருந்தாலும், ஏறிவிடுமோ என்று ராத்திரிச் சாப்பாடு கிடையாது. உனக்கு "ஒன்றும் ஆகாது" என்று எழுதினேனே, நான் என்னிடம் தினமும் சொல்லிக்கொள்வதைத்தான் எழுதினேன். உன் கடிதம் வந்தபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தெரிகிறது. நீ உன் கோச்சிடம் சொன்ன அந்த "மாட்டேன்" எனக்கு இருபத்தொரு வயதில் தோன்றவே இல்லையே என்ற கோபம். இருபத்தொன்பது வயதிலும் தோன்றவில்லை.

இன்று காலை அதைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனேன். லாரி இல்லாத நேரமாகப் பார்த்து எடைமேடை நடுவில் கொண்டுபோய் வைத்தேன். கேபினுக்கு வந்து திரையைப் பார்த்தால் பூஜ்யம். என் மேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே எதுவும் கண்ணில் படாது. ஐந்து வருடமாகத் தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த மெஷினை அதன் மேல் வைத்துப் பார்க்கும்வரை உறைக்கவில்லை. எட்டு வருடம் என்னை ஆட்டி வைத்தது அங்கே ஒரு எண்ணுக்குக்கூடத் தேறவில்லை.

அதற்குள் நேற்று வந்த அதே ஜல்லி லாரிக்காரர் இன்றைய நடைக்கு வந்துவிட்டார். "மேடையில ஏதோ கெடக்கும்மா, எடுங்க."

"கெடக்கட்டும். ஏத்துங்கண்ணே."

"நெசமாவா?"

"ஏத்துங்கன்னா ஏத்துங்க."

முன்சக்கரம் ஏறியதும் டமார் என்று ஒரு சத்தம். முதலாளி ஓடிவந்தார். "என்னம்மா அது?" என்றார். "என்னோடதுதான் சார், நானே கூட்டிடறேன்" என்று துடைப்பத்தை எடுத்தேன்.

பெரிய வீராங்கனை ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. நாளைக் காலை எழுந்ததும் கால் கட்டிலுக்கடியில் தேடும், எனக்கே தெரியும். அதனால்தான் யாருக்காவது எழுதிவைக்க வேண்டும் என்று உனக்கு எழுதுகிறேன்.

இது வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். அணியை விட்டு எடுத்தால் எடுக்கட்டும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ ஏறாதே. ஈரமாகவும் ஏறாதே, காய்ந்தும் ஏறாதே. அவர் தங்கத்தட்டில் வைத்துக் கூப்பிட்டாலும் ஏறாதே.

அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

என் முறை வந்தது. ஏறவில்லை. கோச் பலகையில் என் பெயரையே அழித்துவிட்டார். திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று வாசலை நோக்கி நடந்தேன்.

பின்னால் ஊசியின் குரல் கேட்டது. "நானும் ஏறல சார்."

திரும்பினேன். முதலாமாண்டுக்காரி வரிசையை விட்டு ஏற்கெனவே விலகி நின்றிருந்தாள். தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். இரண்டு பேர் மட்டும் ஏறினார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊசி போய்ச் சாக்பீஸை எடுத்து அழித்த இடத்தில் என் பெயரை எழுதினாள். எண் எழுதும் கட்டத்தில் நெடுக ஒரு கோடு போட்டுவிட்டாள்.

கோச்சுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எட பாக்காம நான் யாரப் படகுல ஏத்தறது, யார எறக்கறது?"

"காத்தப் பாத்து முடிவு பண்ணுங்க சார்" என்றாள் ஊசி.

அவர் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் பத்து நிமிடம் காத்திருந்தோம், பிறகு கரையேற்றிய படகுகளை மறுபடி தண்ணீரில் இறக்கினோம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. திங்கட்கிழமை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. மேலிடத்தில் புகார் கொடுக்கலாம், எங்களைக் கூண்டோடு நீக்கலாம். நீக்கினால் நானும் ஊசியும் சேர்ந்து எங்கே வேண்டுமானாலும் போய்ச் சண்டை போடத் தயார்.

உன் எண்ணை இன்று காலை திறந்துவிட்டேன். ஆனால் நான் கேட்கப் போவதற்குப் போனில் பதில் சொல்லாதே. போனில் நீ சமாளித்துவிடுவாய், எழுதும்போது உனக்குப் பொய் வராது.

நேற்று ராத்திரி சாப்பிட்டாயா, அக்கா?

தங்கை